நடுவில் துளை இல்லாத ஜோடி

ஞாயிறு காலையில் எங்கள் அல்மாத்தி தபால்தலைச் சங்கத்தில் என் மேசையைச் சுற்றித்தான் கூட்டம் இருக்கும். எது அசல், எது போலி என்று நான் சொன்னால் சொன்னதுதான். கம்ஷத் கண்ணில் மண்ணைத் தூவ முடியாது என்பார்கள். அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கும், ஏன் மறைக்க வேண்டும்?

அன்று ஓகாயின் மகள் லாரிசா வந்து நின்றாள். பதினோரு வருடத்துக்கு முன் இதே கூடத்தில், எல்லார் முன்னாலும், அவள் அப்பாவின் தபால்தலை ஜோடி போலி, அதைச் செய்தவரும் அவரே என்று சொன்னவள் நான். அதற்குப் பிறகு அவர் சங்கத்துப் படி ஏறவே இல்லை.

“கம்ஷத் அபாய், அதே ஜோடிதான். இன்னொரு தடவை பாருங்க.”

“என்ன, பதினோரு வருஷத்துல அசலா மாறிடுச்சா?”

பக்கத்து மேசையில் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. “நாளைக்கு அப்பாவுக்கு இதய ஆபரேஷன். போலிக்காரன்ங்கற பேரோட அவரை உள்ள அனுப்ப மனசு வரல.”

நான் லென்ஸை எடுத்தேன்.

அடுத்தடுத்த இரண்டு தபால்தலைகளுக்கு நடுவே, கிழிப்பதற்கான துளை போடும் இயந்திரம் ஒரு வரிசையைத் தவறவிட்டால் அந்த ஜோடிக்குத் தனி மவுசு. ஆனால் துளையே போடாமல் விற்ற தாளிலிருந்து ஒரு ஜோடியை எடுத்து, சுற்றிலும் மட்டும் துளை போட்டும் ஏமாற்றலாம். அதனால் நடுவைப் பார்த்துப் பயனில்லை, ஓரத்தைப் பார்க்க வேண்டும். என்னிடமும் அதே வெளியீட்டில் ஒரு ஜோடி உண்டு; ஓகாயின் ஓரத் துளைகள் அதன் துளைகளைவிடச் சின்னவை. அதை வைத்துத்தான் அன்று தீர்ப்புச் சொன்னேன். ஒப்பிட அந்த வெளியீடு ஊரில் வேறு யாரிடமும் இல்லை.

லாரிசா ஒரு பழுப்பேறிய உறையை நீட்டினாள். “உஷ்தொபே ஊர்ல பெரியத்தை வீட்டுல கிடைச்சது. 1938-ல தாத்தா அவங்களுக்குப் போட்ட கடிதம். அப்பாவோட ஜோடியும் தாத்தா வச்சிருந்ததுதான்.”

உறையில் அதே தபால்தலைகள் இரண்டு. தபால் முத்திரை அவற்றின் ஓரப் பற்களைத் தாண்டி உறையிலும் பதிந்திருந்ததால், துளை அப்போதே போட்டதுதான். ஓகாயின் ஜோடியை இடுக்கியால் எடுத்து அவற்றின் மேலோரத்தில் வைத்தேன். இங்கே பல் நீளமென்றால் அங்கே குட்டை. பல்லோடு பல் பொருந்தியது. ஒரே தாளிலிருந்து கையால் கிழித்தவை, துளையும் அதே அளவு.

இது அசல் என்றால் என்னுடையது?

ஆல்பத்தைத் திறந்தேன். என் ஜோடியை வைத்து எத்தனையோ தடவை அளந்திருக்கிறேன். சந்தேகப்பட்டு ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. கணவர் கொடுத்த கல்யாணப் பரிசை யார் சோதிப்பார்கள்? கிழித்த பல்லின் நுனியில் நார் சிலும்பி நிற்கும். என்னுடையதில் நாரே இல்லை, எல்லாம் கத்தரியில் வெட்டிய மழமழப்பு. நேற்றுச் சங்கத்தில் சேர்ந்தவன்கூடக் கண்டுபிடித்திருப்பான்.

“தௌரேன், இங்க வா!”

கூடமே திரும்பியது. என் கணவர் பாதி கடித்த பவுர்சாக் பணியாரத்தோடு வந்தார். மேசையைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது.

“இது யார் செஞ்சது?”

“கம்ஷத், வீட்டுல பேசலாம்.”

“இங்கதானே அந்த மனுஷனை அசிங்கப்படுத்தினேன்? இங்கயே சொல்லு.”

“நான்தான். நீ இது வேணும் வேணும்னு ஏங்கின. எனக்குத் துளை போடாததுதான் கிடைச்சது.” குரல் இறங்கியது. “ஓகாய் விஷயத்துல வாயைத் திறக்க தைரியம் வரல.”

இருபத்தாறு வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம். லாரிசாவின் ஃபோனை வாங்கி ஓகாயைக் கூப்பிட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி பேசினேன்.

“ஓகாய், நான் கம்ஷத். உங்க ஜோடி அசல். என்னோடதுதான் போலி.”

“தெரியும். அன்னைக்கே ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருந்துச்சே.”

“அப்புறம் ஏன் சொல்லல?”

“‘என் கல்யாணப் பரிசோட வச்சுப் பாருங்க’ன்னு சந்தோஷமா தூக்கிக் காட்டினீங்க. தௌரேன் உங்க பின்னால நின்னு என்னையே பார்த்துட்டிருந்தான்.” அவருக்கு மூச்சு வாங்கியது. “உங்க வீட்டை உடைச்சா என் பேரைக் காப்பாத்தணும்?”

லாரிசா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னால் நிமிர முடியவில்லை.