பிறந்த ஊர் என்றொரு கேள்வி

2007ஆம் ஆண்டு ஜூன் மாதம், ஸ்பிரிங்வெளிப் பாதையிலுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்துக்குக் கொழும்பிலிருந்து புதுவகைக் கணினியொன்று வந்தது. பெரிய கொப்பி அளவு. திரையிலேயே பேனாவால் எழுதலாம். தோட்டத்தை நடத்தும் கம்பனி அதைத் தோட்டத்து நலன்புரி உத்தியோகத்தர் தர்மிளாவிடம் கொடுத்தது. ஒரு மாதம் பாவித்துப் பார்த்து, அதன் நிறைகுறைகளை இரண்டு பக்கத்தில் எழுதித் தரவேண்டும். அறிக்கை சாதகமாக இருந்தால் மற்ற ஒன்பது தோட்டங்களுக்கும் வாங்குவார்களாம்.

தர்மிளாவுக்கு இருபத்தாறு வயது. அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்து, பதுளையில் உயர்தரம் படித்து இந்த வேலைக்கு வந்தவள். முதல் வாரமே அந்தக் கணினி அவளுக்குப் பிடித்துப்போயிற்று. குறைகள் இருக்கத்தான் செய்தன. வெயிலில் திரை தெரியாது, சேலைத் தலைப்பால் மறைத்துக்கொண்டுதான் எழுதவேண்டும். பற்றரி இரண்டரை மணித்தியாலம்கூடத் தாங்காது. அரைமணி நேரத்தில் முன்கையில் சூடு ஏறிவிடும். தமிழில் எழுதினால் கட்டம் கட்டமாக வந்தது. அதனால் பெயர்களையெல்லாம் ஆங்கில எழுத்தில் பதிந்தாள்.

ஆனால் போன வருடம் இருநூற்றுப் பன்னிரண்டு குடும்பங்களின் விபரத்தைக் கொப்பியில் எடுக்க அவளுக்கு இரண்டு மாதம் பிடித்தது. இப்போது ஒன்பதே நாளில் முடிந்தது. தடுப்பூசி தவறிய பிள்ளைகள் யார் என்று கேட்டால், மூன்று பெயர்களை உடனே காட்டியது. அந்த மூன்று பிள்ளைகளையும் அடுத்த நாளே அவள் ஊசிக்கு அனுப்பிவைத்தாள்.

கம்பனி தயாரித்த படிவத்தில் வீட்டில் தங்கியிருக்கும் வெளியாட்கள் பற்றியும் ஒரு பகுதி இருந்தது. பெயர், வயது, பிறந்த ஊர், வந்த திகதி. கூடவே வந்த சின்னக் கமெராவால் எடுத்த படத்தையும் சேர்க்கவேண்டும்.

ஆறாம் லயத்தில் கொழுந்தெடுக்கும் லெட்சுமியின் வீட்டில் அவளுடைய அக்கா மகன் மதுரன் இருந்தான். இருபத்திரண்டு வயது. எண்பத்து மூன்று கலவரத்தில் இங்கிருந்து வவுனியாவுக்கு ஓடிய குடும்பத்தின் பிள்ளை. அங்கே சண்டை மூண்டதால் மூன்று மாதத்துக்கு முன் இங்கே வந்திருந்தான்.

"இவனையும் எழுதணுமா மிஸ்?" என்று கேட்டாள் லெட்சுமி.

"தோட்டத்து கிளினிக்குக்குத்தாங்கக்கா. வேற யாரும் பாக்க மாட்டாங்க."

லெட்சுமி உள்ளே திரும்பி, "சட்டைய போட்டுக்கிட்டு வாடா, மிஸ் படம் புடிக்கிறாங்களாம்" என்றாள். மதுரன் தலைசீவி வந்து சுவரோரம் நின்றான். சிரிக்கவில்லை.

மூன்றாம் வாரம், செவ்வாய்க்கிழமை, தோட்ட முகாமையாளரான துரை அவளை அலுவலகத்துக்கு அழைத்தார். வெளியே இலக்கத்தகடு சேறு படிந்த ஜீப் ஒன்று நின்றது. உள்ளே சீருடை இல்லாத இரண்டு பேர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கிருந்து வந்தவர்கள் என்று துரையும் சொல்லவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

"புது மெஷினைக் காட்டுங்கள்" என்றார் துரை சிங்களத்தில்.

தர்மிளா காட்டினாள். வயதுப்படி அடுக்கினாள், லயத்தின்படி அடுக்கினாள். இருவரில் மூத்தவர் மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

"பிறந்த ஊரின்படி அடுக்க முடியுமா, மிஸ்?"

யோசிப்பதற்குள் அவள் கையிலிருந்த பேனா திரையைத் தொட்டுவிட்டது. பதினான்கு பெயர்கள் வந்து நின்றன. வவுனியா, கிளிநொச்சி, மட்டக்களப்பு என்று எல்லாம் சண்டை நடக்கும் வடக்கு, கிழக்கு ஊர்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு முகம். மூத்தவர் குனிந்து ஒவ்வொரு முகத்தையும் நிதானமாகப் பார்த்தார். தேநீர்க் கோப்பையைச் சத்தமில்லாமல் மேசையில் வைத்தார்.

"நல்ல மெஷின். வெள்ளிக்கிழமை உத்தரவுக் கடிதத்தோடு வருகிறோம். ஒரு பிரதி வேண்டும்."

அவர்கள் போனபின், "கடிதம் கொண்டுவந்தால் நான் மறுக்க முடியாது" என்று துரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

மறுநாள் காலை, திரை மங்குகிறது என்று பொய் சொல்லிவிட்டு, தர்மிளா கணினியோடு பதுளைக்கு பஸ் ஏறினாள். கடைத்தெருவில் ஒரு மாடியில் சரவணமுத்து கணினி வகுப்பு நடத்திவந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், இருபது வருடமாகப் பதுளையில் இருப்பவர். அவளுக்குக் கணினி கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். மாணவர்கள் போகும்வரை காத்திருந்து அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"அந்தப் பதினாலு பேரையும் இதுல இருந்து அழிச்சிடலாமா சேர்?"

"அழிக்கிறது ஒரு நிமிச வேலை, பிள்ளை. இதுவரைக்கும் ஆருக்கும் அனுப்பினனீரோ?"

"சனிக்கிழமை சனிக்கிழமை கம்பனியோட கொழும்பு ஒப்பீசுக்கு அனுப்பினேங்க."

சரவணமுத்து எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். "அப்ப இங்க அழிச்சு என்ன பிரயோசனம்? அங்க ஒரு பிரதி கிடக்குது. எண்ணிக்கை குறைஞ்சா முதல்ல உம்மைத்தான் கேப்பினம். இதைத் தொடாதையும்."

"அப்ப என்னதான் சேர் செய்யிறது?"

அவர் சாத்திய கதவைத் திறந்துவிட்டார். அவளோடு படியிறங்கி வரவில்லை.

வியாழக்கிழமை வேலை முடிந்த கையோடு தர்மிளா லயம் லயமாக நடந்தாள். பதினான்கு பேரின் வீடுகளுக்கும் போய் விஷயத்தைச் சொல்லி, வெள்ளிக்கிழமைக்கு முன் போய்விடச் சொன்னாள். சிலர் அவளைத் திட்டினார்கள். சிலர், "நாங்க என்ன தப்பு செஞ்சோம், வரட்டும்" என்றார்கள். லெட்சுமி திட்டவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, மதுரனின் துணிகளை ஒரு பையில் திணிக்கத் தொடங்கினாள்.

"அவன் எங்க போவான், அக்கா?"

"ஒங்கிட்ட சொல்லமாட்டேன்" என்றாள் லெட்சுமி. மிஸ் என்ற சொல் அவள் வாயில் அதற்குப் பிறகு பல மாதம் வரவில்லை.

அன்று மாலையே தோட்டத்துப் பாதை வளைவில் அந்த ஜீப் நின்றது. யாரும் இறங்கவில்லை. மூடுபனி வந்து அதை மறைத்தது. பனி விலகியபோதும் அது அங்கேயேதான் நின்றது. மதுரன், கொழுந்து அரைக்கும் ஸ்டோர் பக்கத்துக் குறுக்குப் பாதையால் இறங்கிப் போனதாகப் பிள்ளைகள் சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை கடிதம் வந்தது, பிரதி எடுக்கப்பட்டது. தர்மிளாதான் எடுத்துக்கொடுத்தாள். சனிக்கிழமை காலைப் பெரட்டில், ஆட்கள் வேலைக்கு அணிவகுத்து நின்றபோது, ஜீப்பில் வந்தவர்கள் தாளில் அச்சடித்த படங்களைப் பார்த்துப் பார்த்துப் பெயர் கூப்பிட்டார்கள். ஒன்பது பேர் லொறியில் ஏற்றப்பட்டார்கள்.

எட்டாம் நாள் ஒன்பது பேரும் திரும்பி வந்தார்கள். ஒருவனுக்கு விரல் ஒடிந்திருந்தது. மற்றவர்கள் என்ன நடந்ததென்று சொல்ல மறுத்தார்கள். ஆனாலும் எல்லாரும் வந்துவிட்டார்கள். முன்பே ஓடிவிட்ட ஐந்து பேரில் நாலு பேர் வேறு வேறு ஊர்களில் இருப்பதாகத் தகவல் வந்தது. மதுரனைப் பற்றி மட்டும் ஒன்றும் தெரியவில்லை. வவுனியாவுக்கு அவன் போய்ச் சேரவில்லை. பதுளை ஸ்டேஷனில் கண்டதாக ஒருவர் சொன்னார், பண்டாரவளையில் பஸ்ஸை மறித்து அவனை இறக்கியதாக இன்னொருவர் சொன்னார்.

தர்மிளா அறிக்கையை எழுதினாள். வெயில், பற்றரி, சூடு, தமிழ் எழுத்து எல்லாவற்றையும் எழுதிவிட்டுக் கடைசியில் இப்படிச் சேர்த்தாள்: "பிறந்த ஊரைக் கேட்கக் கூடாது. கிளினிக்குக்கு அது தேவையில்லை. இதனால் ஒருவர் காணாமற் போயிருக்கிறார்."

துரை அதைப் படித்துவிட்டு, "இந்த மூன்று வரியை எடுத்துவிடுங்கள்" என்றார்.

"எடுக்க முடியாதுங்க சேர்."

அவரே அந்த வரிகள் இல்லாமல் வேறு தாளில் அடிக்கச் சொல்லிக் கம்பனிக்கு அனுப்பினார். அக்டோபரில் ஒன்பது தோட்டங்களுக்கும் கணினிகள் வந்தன.

நவம்பரில் ஒரு மத்தியானம் லெட்சுமி, தொழிலாளர் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவின் வாசலில் வந்து நின்றாள். கொழுந்துக் கூடையைக்கூட இறக்கியிருக்கவில்லை.

"பதுளை மனித உரிமை ஒப்பீசுல முறைப்பாடு குடுக்கப் போறேன். போட்டோ வேணுங்கிறாங்க. அவன் போட்டோ எங்க யாருகிட்டயும் இல்ல."

தர்மிளா கணினியைத் திறந்து மதுரனின் படத்தைத் தேடி எடுத்தாள். அன்று பின்னேரமே பதுளையில் மூன்று பிரதிகள் அச்செடுத்தாள். மறுநாள் இருவரும் ஒரே பஸ்ஸில் போனார்கள், பக்கத்துப் பக்கத்து இருக்கையில். வழி முழுக்க லெட்சுமி வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

படிவத்தை வாங்கிக்கொண்ட எழுதுவினைஞர், "கடைசியாக அவனைக் கண்டது யார்?" என்று கேட்டார்.

"நான்தான்" என்றாள் லெட்சுமி.

"ஏன் போனான்?"

லெட்சுமி முதல்தடவையாகத் தர்மிளாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"நான் போகச் சொன்னேன்" என்றாள் தர்மிளா. தன் பெயரையும் முகவரியையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மூன்று வாரம் கழித்து வரச் சொன்னார்கள். போனார்கள். மறுபடியும் வரச் சொன்னார்கள்.