இங்க யாருமே இல்லீங்க சார்

நகரத்துப் பிள்ளைகளுக்கு வகுப்பறையும் உண்டு, வீட்டிலேயே இணையமும் உண்டு. எங்கள் மலைப்பக்கத்தில் இரண்டும் கிடையாது. பெரிய வளைவில் பேருந்து திரும்பும்போது மட்டும் செல்போனுக்கு உயிர் வரும். மரம் அறுக்கும் மில்லுக்கு வேலைக்குப் போகிற வழியில், அந்த வளைவில்தான் என் நர்ஸ் உதவியாளர் பாடங்களை இறக்கிக்கொள்வேன். பக்கத்தில் உட்காரும் மாமியார், "ரெண்டு புள்ள பெத்தப்புறம் என்ன படிப்பு வேண்டிக்கிடக்கு?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

கடைசியில் வீடியோவில் ஒரு வாய்மொழித் தேர்வு. தவறவிட்டால் வருடம் முழுக்கப் படித்ததும் போச்சு. வளைவில் இறங்கி, ரோட்டோரம் நின்றே முடித்துவிடலாம் என்றிருந்தேன். அன்று பார்த்து மழை கொட்டித் தீர்த்தது.

பெற்ற தாய்க்கே வண்டியை நிறுத்தாத சிடுமூஞ்சி எங்கள் டிரைவர். என் தேர்வைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்த அவர், வளைவில் எஞ்சினை அணைத்துவிட்டு, "உள்ளயே உக்காந்து பேசும்மா" என்றார். என்னால் நம்பவே முடியவில்லை.

திரையில் தேர்வாளர் வந்தார். "உங்களைத் தவிர யாரும் இருக்கக் கூடாது. யாராவது இருக்காங்களா?"

நான் வாய் திறப்பதற்குள் பின்சீட்டுப் பால்காரர் உரக்கச் சொன்னார்: "இங்க யாருமே இல்லீங்க சார்!"

"ஆமா சார், ஒருத்தரும் இல்ல" என்று இன்னும் நாலு குரல்.

எனக்கு உயிரே போய்விட்டது. "பஸ்ல இருக்கேன் சார். எங்க பக்கம் இங்க மட்டும்தான் சிக்னல்."

"என்னால ஒண்ணும் பண்ண முடியாதும்மா. தனியா இருந்தாத்தான் தேர்வு."

இந்த மழையில் நான் யாரை இறங்கச் சொல்வது? முதலில் எழுந்தது மாமியார்தான். "என்ன வேடிக்கை பாக்குறீங்க? இறங்குங்க எல்லாரும்!"

டிரைவரும் இறங்கினார்.

தேர்வாளர் போனைச் சுற்றிக் காட்டச் சொன்னார். இருக்கைகளெல்லாம் காலி. சன்னலுக்கு வெளியே, பதில் சொல்லிக்கொடுத்ததாக யாரும் குறை சொல்லிவிடக் கூடாதென்று, அத்தனை பேரும் பேருந்துக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார்கள். மாமியார் முந்தானையைத் தலையில் போட்டிருந்தார்.

தேர்வாளர் திரைக்கு நெருங்கி வந்து பார்த்தார். "அவங்கல்லாம் யாரு?"

"எங்க ஆளுங்க சார்."

"சரி, சீக்கிரம் ஆரம்பிப்போம். நனையுறாங்க."

கேட்டதற்கெல்லாம் தடுமாறாமல் பதில் சொன்னேன். அந்த முதுகுகளைப் பார்த்தபின் தடுமாற எனக்கு மனம் வரவில்லை.

"தேறிட்டீங்க. முதல்ல அவங்கள உள்ள கூப்பிடுங்க."

கதவருகே போனேன். நன்றி சொல்லத்தான் வாயெடுத்தேன், அழுகை முந்திக்கொண்டது. சத்தம் கேட்டும் ஒருவரும் அசையவில்லை. மாமியார் மட்டும், தலையைத் திருப்பாமலே கேட்டார்:

"முடிஞ்சிருச்சா? இப்பத் திரும்பலாமா?"