தோளில் காய்த்த கதிர்

பயிர்நோய் ஆய்வகத்தில் பூஞ்சை பார்க்கும் பெண்ணின் இடது தோளில் மழைக்காலத் தொடக்கத்தில் ஒரு மக்காச்சோளச் செடி முளைத்தது. வேர் நன்றாகப் பிடித்திருக்கிறது, பிடுங்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவளும் சட்டையின் தோள் தையலைப் பிரித்துவிட்டுக்கொண்டு வழக்கம்போல வேலைக்குப் போனாள். பேருந்தில் ஜன்னலோரம் கேட்டு வாங்கினாள், அவ்வளவுதான். கூட வேலை செய்கிறவர்கள் அவளைப் பூஞ்சக்கா என்பார்கள். செடி வந்த பிறகும் பெயரை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. செடி கதிர் பிடித்துப் பால் கட்டும் நேரத்தில், அவளுடைய அண்ணன் பை நிறையப் பூசணம் பிடித்த மக்காச்சோளக் கதிர்களோடு ஆய்வக வாசலில் வந்து நின்றார்.

அண்ணனுக்கு எப்போதுமே காலில் வெந்நீர் கொட்டின அவசரம். அன்றைக்கு அதில் நியாயமும் இருந்தது. அறுத்த சோளம் முழுவதும் கிடங்கில் கிடந்தது. சினை மாடுகளுக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அதை விட்டால் வேறு கதியில்லை.

“பாப்பா, இது விஷமா இல்லையான்னு மட்டும் சொல்லு. மாடு பசியில கத்துது.”

மணிகளை ப்ளீச் தண்ணீரில் அலசிய பிறகுதான் வளர்ப்புத் தட்டில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் தோலில் ஒட்டிய தூசுப் பூஞ்சை முந்திக்கொண்டு வளரும், உள்ளே இருக்கும் உண்மையான திருடன் தப்பிவிடுவான். வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லித் தரும் பாடம் இது. அண்ணன் நின்ற நிலையைப் பார்த்து அவள் அலசாமலே வைத்துவிட்டாள், என்ன செய்ய. தட்டில் சாம்பல் நிறத்தில் ஒன்று பொசுபொசுவென்று வளர்ந்தது. யாருக்கும் கெடுதல் செய்யாத ஜென்மம். “காயவச்சுப் போடுங்கண்ணே” என்று போனில் சொல்லிவிட்டாள்.

வளர்ந்த பூஞ்சையை நல்ல கதிரில் ஏற்றி, அதே அழுகல் வருகிறதா என்று பார்ப்பது அங்கே கடைசி வேலை. தொட்டிச் செடிகள் வாடிக் கிடந்ததால் தன் தோள் கதிரிலேயே ஊசி போட்டுக்கொண்டாள். கதிருக்கு ஒன்றும் ஆகவில்லை; முன்னைவிடக் கொழுகொழுவென்று இருந்தது. அப்படியானால் அழுகவைத்த திருடன் இது இல்லை. மிச்ச மணிகளை ஒழுங்காக அலசி வைத்தாள். இந்த முறை ரோஜா நிறத்தில் பஞ்சு பஞ்சாக வந்தது. அதையும் தோளில் ஏற்றினாள். நுனியிலிருந்து கதிர் அழுகியது, அவளுக்கும் காய்ச்சல் கண்டது.

“அண்ணே, மாட்டுக்குப் போட்டுட்டீங்களா?”

“காயுது. நாளைக்குத்தான்.”

“போடாதீங்க. எல்லாத்தையும் எரிச்சிடுங்க. அவசரத்துல அலசாம வச்சுட்டேன். தப்பு என்னோடதுதான்.”

அண்ணன் போனை வைத்துவிட்டுக் கிளம்பி வந்தார். சண்டை போடத்தான் வந்தார், அதில் சந்தேகமில்லை. தங்கையின் தோளில் கதிரின் உறையை உரித்துப் பார்த்தார். தன் கிடங்கில் கிடந்த அதே ரோஜா அழுகல். முகத்தில் ஈயாடவில்லை.

“வலிக்குதா?”

“கொஞ்சம்.”

வயலில் ஒடிக்கிற மாதிரியே ஒரு திருகு திருகி அந்தக் கதிரை ஒடித்தார். அதையும் பையில் போட்டுக்கொண்டு போய், கிடங்குச் சோளத்தோடு சேர்த்து எரித்தார். அந்த வருஷம் வீடு வீடாகப் போய் வைக்கோல் கேட்டு மாடுகளைக் காப்பாற்றினார்.

அடுத்த மழைக்கு அவள் தோளில் அதே இடத்தில் புதுச் செடி வந்தது. வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும் நாளெல்லாம் அண்ணன் ஒரு குடத்தோடு அவளிடமும் வந்துவிடுகிறார். அவள் குனிந்து தோளைக் காட்டுகிறாள். அவர் நிதானமாக ஊற்றியபடி, கன்றுக்குட்டிகள் செய்யும் அட்டகாசத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.