பழைய சட்டைக்குள் புது கண்டன்சர்

"உன் ஹேர் டிரையரைக் கொஞ்சம் எடுத்துட்டு வாயேன்" என்று என் கணவர் கூப்பிட்டார். தலை காயவைக்க அல்ல. அவர் தலையில் காயவைக்க ஒன்றும் மிச்சமில்லை.

எங்கள் வால்வு ரேடியோவின் பழைய கண்டன்சர்கள் மெழுகு பூசிய அட்டைக் குழாய்கள். மற்றவர்கள் அவற்றை வெட்டி எறிந்துவிட்டுப் புதியவற்றை வைப்பார்கள். இவர் குழாயைச் சூடாக்கி, உள்ளே இருப்பதை உருவிவிட்டு, புதியதை அதற்குள் செருகி மூடுவார்.

"பின்பக்கத்தைக் கழட்டி யாருங்க பாக்கப் போறாங்க?"

"நான் பாப்பேன்ல?"

பதின்மூன்று முடிந்து, மிஞ்சியது பெரியது ஒன்று. அதற்கு மட்டும் பிளஸ், மைனஸ் உண்டு. பழைய குழாயில் பிளஸ் பக்கம் சிவப்புப் புள்ளி, புதியதில் மைனஸ் பக்கம் ஒரு கோடு. மாற்றி வைத்தால் வெடிக்கும். கூடவே டிரான்ஸ்பார்மரும் எரிந்துபோகும். அப்படி ஒரு டிரான்ஸ்பார்மர் இனி கிடைக்காது.

"ஏங்க, மைனஸ் கோடு சிவப்புப் புள்ளிப் பக்கமாப் போகுதே?"

"நீ காத்த மட்டும் அடி, தாயே."

உருகிய மெழுகைக் கட்டைவிரலால் அழுத்தி மூடினார், ஈயம் பற்றவைத்தார். நாளைக்குப் போட்டுப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுத் தபால் போடப் போனார். தெருமுனையிலேயே நெஞ்சுவலி. நாளை என்பது வேறு மாதிரி வந்தது.

நான்கு மாதம் கழித்து என் நாத்தனார் வந்தாள். வந்ததும் வராததுமாக, பின்பக்கம் திறந்தபடியே கிடந்த ரேடியோவின் தூசியைத் தட்டி, பிளக்கைக் கையில் எடுத்துவிட்டாள்.

"போடாதே!" என்று கத்தி, காரணத்தைச் சொன்னேன்.

"எங்கண்ணன் தப்புப் பண்ணுமா அண்ணி? இதோ பாருங்க, சிவப்புப் புள்ளி பிளஸ் பக்கம்தானே இருக்கு?"

"சட்டை சரியாத்தான் இருக்கு. உள்ள இருக்குற ஆளு திரும்பி நிக்கிறாரோன்னுதான் பயம்."

"அப்போ திறந்து பாத்துடுங்க. இதுக்குப் போய் மூஞ்சியை ஏன் தூக்கி வெச்சுக்கறீங்க?"

குழாயைத் திருப்பிக் காட்டினேன். மெழுகில் அவருடைய கட்டைவிரல் ரேகை அச்சடித்தாற்போல் இருந்தது. திறந்தால் அது போய்விடும். திறக்காமல் போட்டால் ரேடியோவே போய்விடலாம். அவள் குனிந்து பார்த்தாள்.

"ரேகையைப் பாத்துக்கிட்டு உக்காரவா அண்ணன் இவ்ளோ பாடுபட்டுச்சு?" என்றாள். அவளே டிரையரைப் பிடித்துக்கொண்டாள்.

ரேகை பளபளத்தது, நெளிந்தது, வழிந்தது. பற்றவைத்ததைக் கழற்றி, உள்ளே இருப்பதைக் குறட்டால் இழுத்தேன். மைனஸ் கோடு சிவப்புப் புள்ளிப் பக்கம்தான் இருந்தது. இருபத்தாறு வருடத்தில் முதல்முறையாக வாக்குவாதத்தில் நான் ஜெயித்திருந்தேன். ஒப்புக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

"அண்ணன் இருந்திருந்தா சும்மா விட்டிருப்பீங்களா?"

"ஒரு வருஷம் சொல்லிக் காட்டியிருப்பேன்."

"ஒண்ணுதானா?" என்று சிரித்தவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

திருப்பிச் செருகி, மெழுகு ஊற்றி, விரலைச் சுட்டுக்கொண்டு பற்றவைத்தேன். என் ஈயம் அவர் ஈயத்தின் பக்கத்தில் கொழுக்கட்டை மாதிரி உட்கார்ந்திருந்தது. பிளக்கைச் செருகிவிட்டு இருவரும் கதவருகே ஓடி நின்றோம். வெடிக்கவில்லை. எரிந்த வாடையும் இல்லை. பிறகு யாரோ ஒருவர் நிதானமாக மழை நிலவரம் படித்தார்.

இப்போது தினமும் போடுகிறேன். திருகியவுடன் பேசாது. வால்வு சூடாக முக்கால் நிமிடம் ஆகிறது. அவருக்குச் சொல்லிக் காட்ட அது போதும்.