இருபதோடு முடிந்த முகம்

என் மீன்கடையை இடிக்க நோட்டீஸ் ஒட்டிய அதே கட்டட கம்பெனி, என் முகத்தைக் காசு கொடுத்து வாங்கித் தன் மாதிரி வீட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறது. ஒன்றல்ல, இருபது. கீழே 'மறைந்த சந்தையின் நினைவாக' என்று எழுத்து வேறு. மறைந்தது யார்? கொரியாவில், இஞ்சியோன் துறைமுகத்துக்குப் பின்னால் இன்று காலையும் கானாங்கெளுத்தி விற்றுவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன். ஆட்டைக் கடித்து, மாட்டைக் கடித்து, கடைசியில் மனிதனையே கடித்த கதை.

முகத்தைச் செதுக்கியவள் ஜின்-கியோங். என் கடைக்கு மேல்மாடியில்தான் அவள் பட்டறை. போன குளிர்காலம் முழுக்க என் எதிரில் முக்காலி போட்டு வரைந்தாள். அதைப் பலகையில் செதுக்கி, மை தடவி, தாளில் ஒற்றி எடுத்தாள். இருபதுக்கு மேல் போடமாட்டேன் என்று ஒவ்வொன்றிலும் எண்ணும் கையெழுத்தும் இட்டு ஒரு காட்சிக்கூடத்தில் கொடுத்தாள். அவர்கள் மொத்தத்தையும் கம்பெனிக்குத் தள்ளிவிட்டார்கள்.

மீன் வெட்டும் ஏப்ரனோடு மாடியேறினேன். தனக்கே இப்போதுதான் தெரியும் என்றாள். சரி, இன்னொன்று அச்சடித்துக் கொடு, எங்கள் போராட்டக் கூடாரத்தில் கட்டுகிறேன் என்றேன். முடியாதாம். இருபது என்றால் இருபதுதானாம்.

"ஏம்மா, உன் வாக்குக்கு இருக்கற மரியாதை என் கடைக்குக் கிடையாதா?"

அது போதாதென்று, வெள்ளிக்கிழமை விருந்தினர் முன்னால் அந்தப் பலகையைக் கீறிக் காட்டச் சொல்லியிருக்கிறது கம்பெனி. இனி யாரும் அச்சடிக்க முடியாதபடி கீறி, அதற்குச் சாட்சியாக ஒரு தாள் ஒற்றிக் காட்டுவது அச்சுப்படம் செதுக்குகிறவர்களின் தொழில் வழக்கம். என் மூஞ்சியில் கோடு போட ஒரு விருந்து! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளோ பலகையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "நீங்களும் வாங்க அக்கா" என்றாள்.

விருந்துக்குப் போனேன். கம்பெனி டைரக்டர் மேங் பாரம்பரியத்தைப் பற்றி உருகி உருகிப் பேசினார். அரிசிக் கேக் தட்டு எல்லாரிடமும் போயிற்று. என்மேல் மீன் வாடை அடித்ததோ என்னவோ, என் பக்கம் மட்டும் வரவில்லை.

ஜின்-கியோங் உளியை எடுத்தாள். குறுக்கே ஒரு பெருக்கல் குறி போடுவாள் என்று எல்லாரும் பார்த்தார்கள். அவள் உளியை உதட்டில் வைத்தாள். மூடியிருந்த வாயைத் தோண்டித் தோண்டித் திறந்தாள். கழுத்து நரம்புகளை இழுத்துவிட்டாள். மை தடவி ஒற்றி எடுத்தபோது, தாளில் நான் கத்திக்கொண்டிருந்தேன்.

மேங் கைதட்டினார். "இதோட முடிஞ்சுது, இல்லியா மேடம்?"

"உங்க படம் இருபதோட முடிஞ்சுதுங்க. பலகையக் கீறியாச்சு. இது வேற படம். இதுக்கு நம்பர் கிடையாது, எத்தனை வேணா அடிப்பேன். சந்தை மதில் பூரா ஒட்டப்போறோம்."

தட்டிய கை நின்றது. காட்சிக்கூடத்து அம்மாள் அவர் காதில் ஏதோ சொன்னாள். கீறச் சொன்னது நீங்கள்தானே என்றிருப்பாள். ஜின்-கியோங் ஈரம் காயாத தாளை இரண்டு கையாலும் ஏந்தி வந்து என்னிடம் கொடுத்தாள். மேங் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இந்தம்மா யாரு?"

இருபதையும் வாங்கி மாட்டிய மனிதர் கேட்கிறார். தாளை என் முகத்துக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்தேன்.

"நல்லாப் பாத்துக்கோங்க. இடிக்க வர்றப்ப முன்னால நிக்கறது நான்தான்."