அயினி மரத்தில் ஒரு கேபிள்

இடி எட்டில் வந்தது. முந்தையது பதினொன்றில். எண்ணாதே அஜிதா. எண்ணினால் நின்றுவிடுமா?

ஆனாலும் எண்ணினாள். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே உள்ள நொடிகளை எண்ணுவது ஒரு வருடமாக அவளிடம் ஒட்டிக்கொண்ட பழக்கம். எண்ணிக்கை குறைந்தால் மின்னல் நெருங்கி வருகிறது. பஸ்ஸில் எண்ணுவாள். ஆராதனையில் கண்மூடியிருக்கும்போதும் எண்ணுவாள்.

கல்லூரியின் கம்ப்யூட்டர்களையும் அவற்றை இணைக்கும் கேபிள்களையும் பார்த்துக்கொள்வது அவள் வேலை. எல்லாக் கட்டிடங்களுக்கும் மின்னல் ஏறாத கண்ணாடி இழைக் கேபிளான ஃபைபர் போட நிர்வாகம் முடிவெடுத்தபோது ஆசிரியர்களுக்கு ஒரே சந்தோஷம். வெளியூர்ப் பேராசிரியரின் பாடத்தை இங்கிருந்தே திரையில் கேட்கலாம். நூலகம்வரை குழி வெட்டினார்கள். அதற்கப்பால் பாறை. பாறையை உடைக்கும்வரை இருக்கட்டும் என்று, நூலக மொட்டைமாடியிலிருந்து அயினி மரக் கொம்பு வழியாகக் கம்ப்யூட்டர் லேபுக்குச் செம்புக் கேபிளை இழுத்துக் கட்டினார்கள். பாறை அப்படியே இருக்கிறது. கேபிளும்.

இந்த ஊரில் இடி கேட்டால் டிவிக்குப் பின்னால் இருக்கும் வயரைக் கை தானாகப் பிடுங்கும். லேபில் மட்டும் யாருக்கும் அது தோன்றவில்லை. நீலமாக, மெல்லிசாக, படத்தையும் பேச்சையும் கொண்டுவருகிற ஒன்றை மின்னல் தேடி வரும் என்று அவர்கள் நினைக்கவில்லை.

அவளுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்திருந்தும், போன ஐப்பசியில் ஆன்லைன் தேர்வுக்கு நடுவே வானம் உறுமியபோது, "அஞ்சு நிமிஷத்துல முடிங்க" என்றுதான் பிள்ளைகளிடம் சொன்னாள். மூன்றாவது நிமிடத்தில், கேபிள் வந்து சேரும் சுவர்ப்பெட்டி வெடித்தது. ஹெட்போன் மாட்டியிருந்த ஷிபா நாற்காலியோடு சாய்ந்தாள். அவளுக்கு இடது காது இன்னும் கேட்பதில்லை. கடவுள் சித்தம் என்றார்கள். அந்த ஐந்து நிமிடத்தைக் கொடுத்தது கடவுள் அல்ல என்று அஜிதா யாரிடமும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு, வேளிமலைக்கு மேல் கறுத்தாலே கேபிளைப் பிடுங்கி, முனையை ஜன்னலுக்கு வெளியே தள்ளி, கொக்கியைப் போட்டுவிடுவாள். மத்தியானத்துக்கு மேல் நெட் இல்லை என்று பிள்ளைகள் முனகினார்கள். இடிதாங்கி என்று அவளுக்குப் பெயரும் வைத்தார்கள். லேபைக் கூட்டிப் பெருக்கும் செசிலி அக்கா அதை அவளிடமே சொல்லிச் சிரித்தாள். அஜிதாவும் சிரித்தாள். வேறென்ன செய்வது?

இன்று கல்லூரிக்குத் தரம் போடும் மதிப்பீட்டுக் குழுவினர் மூன்று பேர் வந்திருக்கிறார்கள். மூன்றரைக்குச் சென்னையிலிருந்து ஒரு பேராசிரியர் திரையில் பாடம் எடுப்பார். முப்பத்திரண்டு பெண்கள் ஹெட்போனில் கேட்டுக் கேள்வி கேட்பார்கள். குழுவினர் அதைப் பார்ப்பார்கள். மூன்றேகாலுக்கு அஜிதா கேபிளைப் பிடுங்கிவிட்டாள்.

முதல்வர் செல்வதாஸ் வேகமாக உள்ளே வந்தார். குழுவினர் நூலகத்தில் டீ குடிக்கிறார்கள், பத்து நிமிடத்தில் இங்கே இருப்பார்கள் என்றார். குரலை உயர்த்தவில்லை. பாறையை உடைக்கச் சொல்லி நிர்வாகத்துக்கு மூன்று முறை எழுதியவர் அவர். இந்தக் குழு நல்லபடியாக எழுதினால் பாறையும் உடையும், ஃபைபரும் வரும், இந்தக் கேபிளே வேண்டியிருக்காது என்றார். அதில் பொய் இல்லை. சித்திரையோடு முடிகிற அவளுடைய வேலையை நீட்டிக்க எழுத வேண்டியவரும் அவர்தான். அதை அவர் சொல்லவில்லை.

செசிலி அக்கா துடைப்பத்தோடு வாசலில் நின்றாள். "இடிக்கும் இவளுக்கும் கல்யாணம் பேசி வச்சிருக்கு சாரே. ஒண்ண ஒண்ணு விடாது."

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். முப்பத்திரண்டு தலைகளிலும் ஹெட்போன். இரட்டைச் சடைகளும் கனகாம்பரமும் அவற்றுக்குக் கீழே தொங்கின.

ஒருவேளை இது வெறும் பயம்தானா? ஒருமுறை சூடுபட்டவளின் நடுக்கமா? அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. வெளியே அயினி இலைகள் வெள்ளையாகப் புரண்டன. கேபிளின் முனை ஜன்னல் கண்ணாடியில் வந்து தட்டிவிட்டுப் போனது.

மின்னல் வெட்டியது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

நான்கில் வந்தது. மேஜைகள் அதிர்ந்தன. யாரும் சிரிக்கவில்லை.

செல்வதாஸ் அவள் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார். "வந்தவங்க முன்னால என்னைக் கேவலப்படுத்தாத மக்கா. ஜன்னலத் திறந்து அத எடுத்துச் சொருவு. அஞ்சு நிமிஷம் போதும்."

அஜிதா ஜன்னலில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள்.

"பிள்ளைகளா, ஹெட்போனக் கழத்தி வையுங்க" என்றாள். பிறகு அவரைப் பார்த்து, அதே தாழ்ந்த குரலில், "நான் திறக்க மாட்டேன் சார்" என்றாள்.