யூரியாத் தொட்டி

டிரைவர் பூமாலையின் லைசென்ஸ் ராஜராஜனின் சட்டைப் பையில் இருந்தது. மெல்லிய வெள்ளைச் சட்டை. அட்டையில் இருந்த பூமாலையின் முகம் துணிக்கு வெளியே தெரிந்தது.

"யூரியாவ வித்துட்டுத் தண்ணிய ஊத்தியிருக்கான் தம்பி. நீங்க மெசின மாட்டிப் பாத்து எழுதிக் குடுங்க. மிச்சத்த ஸ்டேசன்ல பேசிக்கறேன்," என்றார் ராஜராஜன் என்னிடம்.

அரியலூருக்கு வெளியே அவருடைய லாரி செட். சிமென்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றும் டிப்பர்கள் வரிசையாக நின்றன. நான் பெரம்பலூரில் ஒரு லாரி சர்வீஸ் சென்டரில் வேலை பார்க்கிறேன். எஞ்சினில் கோளாறு வந்தால் வண்டியின் கம்ப்யூட்டர் அதை ஒரு எண்ணாகப் பதிந்து வைக்கும். அந்த எரர் கோடைப் படித்துக் காரணம் கண்டுபிடிப்பது என் வேலை. மெக்கானிக்கல் எஞ்சினியரிங் படித்தது இதற்குத்தான் பயன்பட்டது.

சித்திரையில் என் மனைவி ஜோதி இறந்தாள். காலையில் தலைவலி என்றாள். சாயங்காலம் மூளையில் ரத்தக்கசிவு என்றார்கள். அதன்பிறகு எல்லோரும் என்னிடம் மெதுவாகப் பேசுகிறார்கள். எனக்கு எதுவும் தோன்றுவதில்லை. வேலைக்கு வருகிறேன். கோடு படிக்கிறேன். போகிறேன்.

இப்போது வரும் லாரிகளில் டீசல் டேங்குக்குப் பக்கத்தில் நீல மூடி போட்ட சின்னத் தொட்டி ஒன்று இருக்கும். அதில் யூரியாக் கரைசல் ஊற்ற வேண்டும். புகையைச் சுத்தம் செய்வது அதுதான். அதில் கோளாறு என்றால் கம்ப்யூட்டர் எஞ்சினின் சக்தியைக் குறைத்துவிடும். பூமாலையின் வண்டி முழு லோடோடு சுரங்க மேட்டில் ஏற முடியாமல் திணறி, ஊர்ந்து ஊர்ந்து செட்டுக்கு வந்திருந்தது.

பூமாலை பின்சக்கரத்தின் அருகே நின்றார். நாற்பது வயதிருக்கும். மற்ற டிரைவர்கள் டீ கிளாஸோடு தள்ளி நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் தொடல சார்," என்றார் என்னிடம்.

"அவன்ட்ட என்ன பேச்சு? திருட்டுப்பய. இவனுங்க புத்தி தெரிஞ்சதுதான," என்றார் ராஜராஜன்.

நான் கேபினில் ஏறி ஸ்கேனரை மாட்டினேன். இரண்டு கோடுகள் இருந்தன. 4364, புகை சுத்தமாகவில்லை. 5394, யூரியாவைப் பீய்ச்சும் நாசில் அடைத்திருக்கிறது. நான் தேடியது மூன்றாவதை. 3364. தொட்டியில் தண்ணீர் கலந்திருந்தால் முதலில் விழும் கோடு அது. அது இல்லை. ஒருவேளை யாராவது அழித்திருக்கலாம் என்று நேரடியாக அடர்த்தியைப் பார்த்தேன். நூற்றுக்கு முப்பத்திரண்டு. அதுதான் சரியான அளவு.

கீழே இறங்கி நீல மூடியைத் திறந்தேன். வேப்பெண்ணெய் நாற்றம் மூக்கில் ஏறியது. ஒரு சொட்டை விரலில் தேய்த்தேன். வழவழத்தது.

வயலுக்குப் போடும் யூரியாவுக்கு வேப்பெண்ணெய் பூசித்தான் விற்கிறார்கள். லாரிக்கு ஊற்றும் கரைசலில் எண்ணெயும் இருக்காது, நாற்றமும் இருக்காது. யாரோ மூட்டையைப் பிரித்து, அளவாகத் தண்ணீர் சேர்த்து, பதம் பார்த்துக் கரைத்திருக்கிறார்கள். கணக்குத் தெரிந்த ஆள். திருடுகிறவனுக்கு இத்தனை பாடு எதற்கு? குழாயைத் திறந்தால் போதும்.

"அண்ணே, யூரியா எங்க ஊத்துவீங்க?" என்று பூமாலையைக் கேட்டேன்.

"இங்கதான் சார். செட்டு பேரல்ல. வெளிய ஊத்தக் கூடாதுன்னு ஆர்டர்."

செட்டின் மூலையில் நீல பேரல்கள் இருந்தன. பக்கத்தில் ராஜராஜனின் மச்சினன் கலைச்செல்வன் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தான். செட்டுக் கணக்கும் பேரலும் அவன் பொறுப்பு. நான் பார்த்ததும் எழுந்துவிட்டான். ஒரு பேரலைத் திறந்தேன், அதே நாற்றம்; பின்னால் கிடந்த யூரியா மூட்டைகளோடு சேர்த்துப் போனில் படம் எடுத்தேன்.

"தண்ணி ஊத்தல. பேரல்லயே வயல் யூரியாதான் இருக்கு. டிரைவர் மேல தப்பில்ல," என்றேன் ராஜராஜனிடம்.

அவர் கோபப்படவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பிக்கு எந்த ஊரு?"

"மீன்சுருட்டி."

"மீன்சுருட்டில எந்தத் தெரு? யாரு வூட்டுப் புள்ள?"

அந்தக் கேள்வி எதற்கென்று எனக்குத் தெரியும். என் தெருவிலிருந்து காலேஜுக்குப் போன எல்லோருக்கும் தெரியும். சொன்னேன். ராஜராஜன் தலையாட்டிக்கொண்டார்.

"அதான பாத்தேன். நம்மாளு மாட்டிக்கிட்டான்னு வக்காலத்தா? நீ எழுத வேணாம்ப்பா. எழுத வைக்கிற ஆளுட்ட பேசிக்கறேன்."

'தம்பி' போய்விட்டது. 'நீங்க' போய்விட்டது. அவர் போனை எடுத்தார்.

அவர் கணக்கு எனக்குப் புரிந்தது. ஒரு டிரைவர் திருடினான் என்றால் ஒரு வண்டியின் வாரண்டியோடு முடியும். செட்டிலேயே வயல் யூரியாவைக் கரைக்கிறார்கள் என்று லாரி கம்பெனிக்குத் தெரிந்தால் மொத்த வண்டிகளுக்கும் போகும். விவசாயிக்கு வரும் மானிய மூட்டை லாரி செட்டுக்கு எப்படி வந்தது என்ற கேள்வியும் வரும். அதற்குப் பூமாலை ஜெயிலுக்குப் போனால் போதும்.

கொஞ்ச நேரத்தில் எனக்கு போன் வந்தது. சர்வீஸ் மேனேஜர் வேல்முருகன்.

"அறிவு, டிரைவர் மிஸ்டேக்குன்னு போட்டு அனுப்பிடுப்பா."

"3364 இல்ல சார். தண்ணியே கலக்கல."

"சரிப்பா. ஆனா நீயும் பாவம், ஜோதி போனதுலேருந்து ஒரு நெலையில இல்ல. இன்னும் கொஞ்ச நாள் லீவு எடுத்திருக்கலாம். கவனம் செதறியிருக்கும். யாரும் உன்னைத் தப்பா நெனைக்க மாட்டாங்க."

என்னிடம் அவள் பெயரை யாரும் சொல்வதில்லை. சொன்னால் நான் உடைந்துவிடுவேன் என்று பயம். இத்தனை நாளும் பத்திரமாகப் பொத்தி வைத்திருந்து, இதற்காக எடுத்து நீட்டினார்.

காது சுட்டது. சித்திரைக்குப் பிறகு எனக்குள் ஏதோ ஒன்று நடந்தது அப்போதுதான். அது துக்கம் இல்லை.

"என் பொண்டாட்டி பேரைச் சொல்லாதீங்க சார்," என்று சொல்லி போனை வைத்தேன்.

ஸ்கேனரை எடுத்துக்கொண்டு அடுத்த டிப்பருக்குப் போனேன். அதன் டிரைவர் அஜித்குமார், சின்னப் பையன்தான், கேபினில் உட்கார்ந்திருந்தான்.

"டேய், சாவியக் குடுக்காத!" என்று ராஜராஜன் கத்தினார்.

அஜித்குமார் அவரைப் பார்த்தான். பூமாலையைப் பார்த்தான். சாவியை அதன் துளையிலேயே விட்டுவிட்டு இறங்கினான்.

"குடுக்கல மொதலாளி. ஒண்ணுக்குப் போறேன்."

டிரைவர்களில் யாரோ சிரித்தார்கள். நான் ஏறி மாட்டினேன். 5394. விளக்கு இன்னும் எரியவில்லை. ஆனால் நாசில் அடைக்க ஆரம்பித்திருந்தது. எல்லோருக்கும் கேட்கும்படி எண்ணைக் கத்திச் சொன்னேன்.

"இதப் பூமாலை ஓட்டுனாரா?"

"நான் மட்டுந்தான் ஓட்டறேன் சார்," என்றான் அஜித்குமார். அவன் எங்கும் போகவில்லை.

"என் வண்டியப் பாருங்க சார்," என்று ராசாங்கம் என்ற வயதான டிரைவர் சாவியை நீட்டினார். அவரே எஞ்சினை ஸ்டார்ட் செய்து கொடுத்தார். அதிலும் 5394. 4364-உம் வரத் தொடங்கியிருந்தது.

"நாளன்னைக்கு நீயும் திருடன்தான் ராசாங்கம்," என்றான் ஒருவன்.

"எனக்கெதுக்குடா யூரியா? எங்க வூட்டுல நிக்கிறது ஒரு முருங்க மரம்."

கலைச்செல்வன் ராஜராஜனிடம் ஓடி வந்தான். முகம் வெளுத்திருந்தது.

"நான் அப்பவே சொன்னேன்ல மாமா! போர் தண்ணி வேணாம், உப்பு, கேன் தண்ணி வாங்கிக் கலக்குவம்னு சொன்னேன்ல?"

செட்டு முழுக்கக் கேட்டது. தான் தப்பித்துக்கொண்டதாக அவன் நினைத்தான். ராஜராஜன் அவன் கன்னத்தில் அறைந்தார்.

நான் லேப்டாப்பைத் திறந்து மூன்று வண்டிகளின் கோடுகளையும், பேரலையும் மூட்டைகளையும் எடுத்த படங்களையும் கம்பெனிக்கு அனுப்பினேன். அனுப்பிவிட்டேன் என்று ராஜராஜனிடம் சொன்னேன். நாளைக்கு எனக்கு வேலை இருக்காது. இருந்தாலும் வேல்முருகன் முகத்தில் நான் விழிக்கப் போவதில்லை.

ராஜராஜன் சட்டைப் பையில் இருந்த அட்டையை எடுத்தார். பூமாலையின் காலடியில் எறிந்தார்.

"எடுத்துக்கிட்டுப் போ. கேசும் வேணாம் ஒண்ணும் வேணாம். இனி இந்தப் பக்கம் வராத."

அட்டை சுண்ணாம்புத் தூசியில் கிடந்தது. பூமாலை குனியவில்லை.

"லைசென்ச நான் எடுத்துக்கறேன் மொதலாளி. காலைலேருந்து இத்தன பேரு முன்னாடி என்னத் திருடன்னீங்க. இவன் திருடலன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க."

"சொல்லணுமா? ஒனக்கா?"

"எனக்கு வேணாம். இவங்கள்ட்ட சொல்லுங்க."

ராஜராஜன் டிரைவர்கள் பக்கம் திரும்பினார். "வேடிக்க போதும். வண்டிய எடுங்கடா. ஃபேக்டரில கல்லுக்கு நிக்கிறான்."

யாரும் நகரவில்லை. ராசாங்கம் டீ கிளாஸைத் தரையில் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தார். அஜித்குமார் அவர் அருகில் உட்கார்ந்தான். மற்றவர்களும் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். யாரும் எதுவும் பேசி வைத்துக்கொள்ளவில்லை.

ராஜராஜனின் போன் அடித்தது. எடுத்துப் பார்த்துக் கட் செய்தார். திரும்ப அடித்தது. ஆலையிலிருந்துதான் இருக்கும். பூமாலை அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். என் பற்கள் வலித்தன. எவ்வளவு நேரமாகக் கடித்துக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை.

ராஜராஜன் வேறெங்கோ பார்த்துக்கொண்டு உதட்டை அசைத்தார்.

"கேக்கல மொதலாளி," என்றார் பூமாலை.

ராசாங்கத்தின் வண்டி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நான் கேபினில் ஏறிச் சாவியைத் திருப்பினேன். எஞ்சின் குலுங்கி நின்றது.

"இப்ப சொல்லுங்க," என்றேன்.